பக்கத்து வீட்டு வைஃபைக்குப் பூட்டு இல்லை, பாவிக்கலாமோ?

கேள்வி, 2 ஜூன் 2024

"கம்பஸில ரெண்டாம் வருசம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில ஒரு வீட்டில அறை எடுத்து இருக்கிறன். மதிலுக்கு அங்கால வீட்டு வைஃபை பாஸ்வேட் இல்லாமல் கிடக்கு, என்ர மேசைக்கு நல்ல சிக்னல். அந்த வீட்டில ஒரு அம்மா தனிய இருக்கிறா, பிள்ளையள் கனடாவில. போன மாசம் தொடக்கம் நான் அதைத்தான் பாவிக்கிறன். நோட்ஸ் இறக்கிறது, சூம் வகுப்பு, இரவில கொஞ்சம் படம். அன்லிமிட்டட் பக்கேஜ் எண்டுதான் நினைக்கிறன், அவவுக்கு ஒரு நட்டமும் இல்லை. என்ர அறைக்காரன் இது களவு எண்டுறான். பூட்டாமல் விட்டது அவையின்ர விருப்பம் எண்டு நான் சொல்லுறன். ஆர் சரி?"

2 ஜூன், இரவு 9.40

ரெண்டுபேரும் ஆர் சரி எண்டதிலயே நிக்கிறியள். அந்த அம்மாவை ஏன் இன்னும் கேக்கேல்லை எண்டதுதான் எனக்கு விளங்கேல்லை. தெரியாத ஆள் எண்டும் சொல்லேலாது, வெள்ளிக்கிழமையில மோதகம் தந்துவிடுறவ எண்டு பேந்து பின்னூட்டத்தில நீரே எழுதியிருக்கிறீர். தருவா எண்டால் கேளும். தரமாட்டா எண்டு நினைச்சுத்தான் கேக்காமல் இருக்கிறீர் எண்டால், மறுமொழி உம்மட்டயே இருக்கு.

பூட்டாமல் விட்டது அவையின்ர விருப்பம் எண்ட கதையை நான் எடுக்கமாட்டன். இதுதான் என்ர தொழில். போன் திருத்திற கடை, அதோட வீடு வீடாய்ப் போய் றவுட்டர், கமெரா மாட்டிக் குடுக்கிறது. "சனம் பாவிக்கட்டும், திறந்துவிடு தம்பி" எண்டு சொன்ன வீட்டுக்காரர் ஒராளையும் நான் இன்னும் காணேல்லை. திறந்து கிடக்கிறதெல்லாம், திறந்து கிடக்கு எண்டு ஆருக்கும் தெரியாமல் கிடக்கிறது.

2 ஜூன், இரவு 10.25

நட்டம் இல்லை எண்டதையும் சும்மா விடேலாது. அன்லிமிட்டட் எண்டு நீர் நினைக்கிறீர், பாத்தனீரோ? இஞ்ச வயசுபோன ஆக்கள் இருக்கிற வீடுகளில நான் காணுறது அநேகமாய் சிம் போட்ட 4ஜி றவுட்டர்தான். மாசத்துக்கு இவ்வளவு ஜிபி எண்டு கணக்கு. அது முடிஞ்சால் வேகம் விழும். விழுந்த வேகத்தில வட்ஸ்அப் மெசேஜ் போகும், வீடியோக் கோல் போகாது. எச்.டி.யில படம் பாத்தால் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரைக்கும் இழுக்கும் எண்டு நெட்ஃபிளிக்ஸே கணக்குச் சொல்லுது. உம்மட "இரவில கொஞ்சம் படம்" மாசக் கடைசியில அவவின்ர பேரப்பிள்ளையின்ர முகத்தை உறையப் பண்ணும். அவ என்ன நினைப்பா தெரியுமோ? போன் பழுது எண்டு நினைப்பா. பேந்து அந்தப் போன் என்ர மேசைக்கு வரும், நான் பாத்திட்டுப் "பழுதில்லை அம்மா" எண்டு திருப்பிக் குடுப்பன். இப்பிடிக் கனக்கப் போன் வந்து போயிருக்கு.

மற்றது, உம்மட போன். வைஃபை எண்டு கண்டால் அது எல்லாம் ஓசி எண்டு எடுத்துக்கொள்ளும். நீர் நித்திரை, அது இருந்து அப்ப்பெல்லாம் புதுப்பிக்கும், எடுத்த படமெல்லாத்தையும் கூகுளுக்கு ஏத்தும். லப்ரொப் விண்டோஸ் அப்டேட் இறக்கும். செற்றிங்ஸில அந்த இணைப்பை "மீற்றர்ட்" (டேட்டா கணக்குள்ளது) எண்டு மாத்திவிட்டால் இதில பாதி நிக்கும். சொந்த டேட்டாவில இருக்கேக்க எல்லாரும் இதைப் பாத்துப் பாத்துச் செய்யிறம். மற்றவையின்ர எண்டால்தான் மறந்துபோகுது.

3 ஜூன், மத்தியானம்

"இப்ப வாற றவுட்டர் எல்லாம் பாஸ்வேட்டோடதானே வருகுது, பிறகெப்பிடித் திறந்து கிடக்கும்?" எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன்.

றவுட்டர் திறந்து கிடக்கிறது குறைவு. பெட்டிக்கு அடியில பாஸ்வேட் ஒட்டித்தான் வருகுது. திறந்து கிடக்கிறது ரிப்பீற்றர், றவுட்டரின்ர சிக்னலைப் பிடிச்சு உள்வீட்டுக்குத் தள்ளுற சின்னப் பெட்டி, எக்ஸ்டெண்டர் எண்டும் சொல்லுவினம். எங்கட பழைய கல்வீடுகளைத் தெரியும்தானே, சுவர் ஒரு முழம் தடிப்பு, நாற்சார் வீடெண்டால் நடுவில முற்றம் வேறை. றவுட்டர் முன் விறாந்தையில இருந்தால் குசினியில ஒண்டும் வராது. கனடாவில இருக்கிற மகன், "அம்மா, ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டச் சொல்லுங்கோ" எண்டுவார். கடையில இருக்கிறதுக்குள்ள மலிஞ்சது ஒண்டு வரும். பெட்டியால எடுத்துப் பிளக்கில குத்தினவுடன அது தன்ர பேரில, பாஸ்வேட் இல்லாமல் ஒரு வைஃபை விடும். அதுக்குள்ள போய்த்தான் செற் பண்ண வேணும். மாட்டின பெடியன் றவுட்டரோட அதை இணைப்பான், குசினியில சிக்னல் வந்தவுடன வேலை முடிஞ்சுது எண்டு ரீயைக் குடிச்சிட்டுப் போவான். ரிப்பீற்றரின்ர சொந்த வாசலுக்குப் பாஸ்வேட் போடுறது வேறை ஒரு பக்கத்தில கிடக்கும். அந்தப் பக்கத்துக்கு ஆரும் போறேல்லை.

இப்ப அந்த அம்மாட்டப் போய் "பாஸ்வேட் இருக்கோ?" எண்டு கேட்டுப் பாருங்கோ. "ஓம் தம்பி, பெட்டிக்குக் கீழ ஒட்டிக் கிடக்கு" எண்டு கண்ணாடியையும் போட்டுக்கொண்டு வாசிச்சே காட்டுவா. அவ பொய் சொல்லேல்லை. முன்வாசல் பூட்டித்தான் கிடக்கு.

அதாலதான் "திறந்துவிட்டது அனுமதி" எண்ட வாதம் இந்த ஊரில எடுபடாது எண்டுறன். அனுமதி தர முதல், தரக்கூடிய பொருள் ஒண்டு தன்னட்ட இருக்கு எண்டு அந்த மனுசிக்குத் தெரிய வேணும்.

3 ஜூன், மத்தியானம், பிறகு

இன்னொருத்தர்: "பாஸ்வேட் இருந்தாலும் நான் உடைச்சு எடுப்பன், அதுக்கு அப் இருக்கு." தம்பி, அது வேறை கதை. உம்மோட கதைக்க எனக்கு நேரமில்லை.

உவருக்கு இல்லை, மற்றவைக்குச் சொல்லுறன்: பழைய றவுட்டரில டபிள்யூ.ஈ.பி. எண்ட பூட்டு இருந்தால் அதைப் பூட்டு எண்டு நம்பாதேங்கோ. 2001இலயே உடைச்சுக் காட்டியாச்சு. அதுக்குப் பிறகு வந்த டபிள்யூ.பி.ஏ.2 தான் ஆகக் குறைஞ்சது.

3 ஜூன், இரவு

கொஞ்சம் சிரிக்கவும் வேணும். வைஃபைக்குத் தமிழில பேர் வைக்கலாம், தெரியுமோ? ஆனால் பேருக்கு 32 பைட்தான் இடம். தமிழெழுத்து ஒரு குறிக்கு 3 பைட் பிடிக்கும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. எங்கட ஒழுங்கையில ஒரு பெரியவர், தன்ரயைப் பாஸ்வேட்டோட வைச்சு, "கேட்டால் தருவன்" எண்டு பேர் போடச் சொன்னார். நல்ல மனம். போட்டுப் பாத்தால் "கேட்டால் தர" வரைக்கும்தான் கொண்டுது. மிச்சத்தை ஒழுங்கைச் சனம் தாங்களே நிரப்பிச்சினம்: "மாட்டன்". மனுசன் கோவத்தில அடுத்த நாளே ஆங்கிலத்துக்கு மாறிட்டார்.

4 ஜூன், காலமை

"இலங்கையில இதுக்குச் சட்டம் கிடையாது" எண்டு அடிச்சு எழுதியிருக்கினம். இருக்கு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், 3ஆம் பிரிவு. சட்டப்படியான அதிகாரம் தனக்கில்லை எண்டு தெரிஞ்சுகொண்டோ, அப்பிடி நம்பக் காரணம் இருந்துகொண்டோ ஒரு கணினிக்குள்ள நுழைவு எடுத்தால் குற்றம். 5 வருசம் வரை மறியல், ஒரு லட்சம் ரூபா வரை தண்டம், இல்லாட்டி ரெண்டும். கணினி எண்டதுக்கு அந்தச் சட்டம் குடுக்கிற விளக்கம் அகலமானது, தகவலைக் கையாளக்கூடிய எந்த மின்னியல் சாதனமும் உள்ளுக்கு வரும். றவுட்டர் வராது எண்டு வாதாட எனக்குத் துணிவில்லை. நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் "பூட்டேல்லை, அதால குற்றம் இல்லை" எண்ட வரியை அதில காணேல்லை.

வெளியில இதுக்காகக் கோட்டு ஏறின ஆக்கள் இருக்கினம். 2005இல லண்டனில ஒருத்தருக்கு 500 பவுண் தண்டம். 2007இல சிங்கப்பூரில பதினேழு வயசுப் பெடியன் ஒருத்தன் பக்கத்து வீட்டு வைஃபையில ஏறினதுக்கு 18 மாசம் நன்னடத்தைக் கண்காணிப்பு. அதே வருசம் அமெரிக்காவில மிச்சிகனில ஒருத்தர் கோப்பிக் கடைக்கு வெளியில காரில இருந்தபடி கடை வைஃபையில மெயில் பாத்து 400 டொலர் கட்டினார். வாடிக்கையாளருக்கு எண்டு கடை சும்மா விட்ட வைஃபை அது. கடைக்காரருக்கே அது குற்றம் எண்டு தெரியாதாம்.

ஜேர்மன்காரர் கொஞ்சம் மற்றப் பக்கத்தால வந்தவை. 2010இல அங்கத்தைய உயர் நீதிமன்றம், வீட்டு வைஃபையைப் பூட்டாமல் விட்டு அதால வேற ஆரும் பாட்டைக் களவாய்ப் பகிர்ந்தால் வீட்டுக்காரருக்கும் பொறுப்பு இருக்கு எண்டது. 2017இல சட்டத்தைத் திருத்தி அந்தப் பாரத்தை இறக்கிவிட்டினம். அந்த ஏழு வருசமும் அங்க சனம் வைஃபையைத் திறந்துவிடப் பயந்தது. எங்கட அம்மாவுக்கு அந்தச் சட்டம் இருந்திருந்தால் உம்மட படத்துக்கு அவதான் மறுமொழி சொல்ல வேணும். நல்லகாலம், இல்லை. ஆனால் சட்டம் கேக்காட்டிலும் அவவைத் தேடி ஆரும் வரமாட்டினம் எண்டு இல்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுறன், கடை திறக்க வேணும்.

5 ஜூன், இரவு

லண்டனில இருந்து ஒரு அண்ணை, வயசானவர் போல. "எங்கட காலத்தில கிணறு ஊருக்கே பொது. ஆரும் வந்து அள்ளுவினம், ஆரும் கேக்கிறேல்லை. நீங்கள் ஒரு வைஃபைக்கு இவ்வளவு கதைக்கிறியள்" எண்டிருக்கிறார்.

அண்ணை, குறை நினையாதேங்கோ. கிணறு ஊருக்குப் பொதுவாய் இருந்ததோ? உங்கட காணி உறுதியை எடுத்துப் பாருங்கோ. "கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும்" எண்டு எழுதிக் கிடக்கும். ஆருக்கு எத்தினை பங்கு, எந்தப் பாதையால போய் அள்ளலாம், தோட்டத்துக்கு இறைக்கிற முறை ஆருக்கு எந்த நாள், எல்லாம் எழுத்தில. எங்கட சனம் தண்ணியைக் கேக்காமல் எடுத்த சனம் இல்லை. நொத்தாரிசிட்டப் போய் எழுதி எடுத்த சனம்.

அதுக்கும் மேல ஒண்டு. உந்தப் "பொது"க் கிணத்தில வாளி போட ஏலாமல் வெளியில நிண்டவை ஆர்? குடத்தை வைச்சுக்கொண்டு, ஆரும் மனமிரங்கி அள்ளி ஊத்துமட்டும் வெயிலுக்குள்ள நிண்ட சனத்துக்கு அந்தக் கிணறு பொதுவோ? 1957இல சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது சும்மா இல்லை. வந்த பிறகும் எத்தினையோ கிணத்தடியில ஒண்டும் மாறேல்லை. எங்கட அம்மம்மா வீட்டுக் கிணத்தடியில நானே பாத்திருக்கிறன். அதை நினைச்சுக்கொண்டு "எங்கட காலம்" எண்டு பெருமூச்சு விட எனக்கு வராது.

இதை எழுதிக்கொண்டிருக்கத்தான் எனக்கே ஒரு யோசினை வந்தது. திறந்து கிடக்கிற வைஃபை ஆள் பாக்காது. ஆற்ற பிள்ளை, எந்தப் பக்கம் எண்டு கேக்காது. அந்த ஒரு விசயத்தில அது கிணத்தை விட நல்லது.

6 ஜூன், காலமை 6.10

ராத்திரி எழுதினதுக்கு ஒரு தங்கச்சி மறுமொழி போட்டிருக்கிறா. மலையகத்தில இருந்து வந்து இஞ்ச படிக்கிறவவாம். அவ எழுதினதை அப்பிடியே போடுறன்:

"அண்ணா, 'கேளும்' என்று நீங்கள் லேசாகச் சொல்கிறீர்கள். நான் கேற்றில் நின்று கேட்டால் முதலில் ஊர் எது என்பார்கள், பிறகு அப்பா என்ன வேலை என்பார்கள். பிறகுதான் வைஃபை. அறை தேடின நாளில் இருந்து எனக்கு இந்தக் கேள்விகள் பழக்கம். மோதகம் வருகிற வீட்டு ஆட்களுக்குக் கேட்பது லேசு."

இதுக்கு மறுப்பு எழுதக் கையை வைச்சுப் போட்டு எடுத்திட்டன். அவ சொல்லுறது சரி. கேக்கிறதுக்கு எல்லாருக்கும் ஒரே விலை இல்லை. எனக்குக் கேக்கிறது லேசு, ஒழுங்கையில எல்லா வீட்டுக்கும் என்னைத் தெரியும், கையில ஸ்குரூட்றைவரோட போறவன். முதல் நாள் "கேளும்" எண்டு ஒரு சொல்லில முடிச்சது எனக்கு இப்ப காணாமல் இருக்கு.

அதுக்காகக் கேக்காமல் எடுக்கலாம் எண்டும் வருகுதில்லை. அந்த அம்மா ஆரையும் கேற்றில நிப்பாட்டி ஊர் கேட்டதுக்கு எந்த சாட்சியும் இல்லை, ஊரின்ர குணத்துக்கு அவவைத் தண்டம் கட்ட விடேலாது. நான் இப்ப நிக்கிற இடம் இது: கேக்க ஏலாட்டிலும் சொல்ல ஏலும். "உங்கட வைஃபை திறந்து கிடக்கு, பூட்டச் சொல்லுங்கோ" எண்டு ஒரு துண்டு எழுதிக் கேற்றுக்குள்ள போட ஊரும் பேரும் தேவையில்லை. பாவிக்கிறீரோ இல்லையோ, தெரிஞ்சால் சொல்ல வேணும். சொன்னால் வைஃபை போயிடும் எண்ட பயம்தான் எல்லாரின்ர வாயையும் கட்டுது.

6 ஜூன், இரவு

அவவைத் தேடி ஆர் வருவினம் எண்ட விசயம்.

இணையத்தில ஒண்டைப் போட்டால் அது எங்கயிருந்து போட்டது எண்டு பாக்கப்போனால் கிடைக்கிறது ஐ.பி. முகவரி. அதைக் கொண்டுபோய்க் கம்பனியைக் கேட்டால் கிடைக்கிறது இணைப்பு ஆற்ற பேரில எண்டது. அவ்வளவுதான். மதிலுக்கு இஞ்சால ஒரு மேசையில நீர் இருந்தது எங்கயும் பதிவில்லை. வீட்டு றவுட்டர் அதையெல்லாம் நாள்க்கணக்காய் ஞாபகம் வைச்சிருக்காது.

இது கொழும்பில ஒரு மாதிரி, இஞ்ச ஒரு மாதிரி. முகநூலில ஒரு படம் பகிர்ந்ததுக்கே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பெடியளைப் பிடிச்ச ஊர் இது. 1979இல தற்காலிகம் எண்டு வந்த சட்டம், இன்னும் இருக்கு. 2024இல, இணையத்தில போடுற கதையளுக்குத் தண்டனை சொல்லுற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறை வந்தது. நீர் நல்ல பெடியன், ஒண்டும் போடமாட்டீர். ஆனால் அந்த வைஃபை உமக்கு மட்டும் திறந்து கிடக்கேல்லை. ஒழுங்கையால மோட்டர்சைக்கிளில போற ஆரும் மதிலடியில நிண்டு போடலாம். மாவீரர் நாள் வாற நவம்பர் மாசத்தில பொலிஸ் அந்தக் கேற்றில வந்து தட்டினால், தனிய இருக்கிற மனுசி "ரிப்பீற்றர்" எண்டு விளங்கப்படுத்துமோ?

சுன்னாகத்தில மின்நிலையத்தைச் சுத்தின கிணறுகளுக்குள்ள எண்ணெய் வந்தது ஞாபகம் இருக்கோ? நிலத்துக்குக் கீழ எல்லாம் ஒரு தண்ணி, ஆரோ விட்டது ஆற்றயோ கிணத்தில வரும். கிணத்துக் கதையை எடுக்கிறதெண்டால் அண்ணை, இந்த இடத்துக்குத்தான் அது பொருந்தும்.

7 ஜூன்

பயப்படுத்திறன் எண்டு ரெண்டுபேர். ஓம், பயப்படுத்திறன். இஞ்ச இருந்து பாருங்கோ.

9 ஜூன், பின்னேரம்

நெடுகப் பிழை பிழை எண்டு எழுதினால் நான் பகிர்ந்து வாழுறதுக்கு எதிரி எண்டு நினைப்பியள். வேணுமெண்டு திறந்துவிடுற ஆக்களும் உலகத்தில இருக்கினம். புரூஸ் ஷ்னையர் எண்டு கணினிப் பாதுகாப்பில பெரிய கை, 2008இல தன்ர வீட்டு வைஃபையைத் தான் பூட்டுறேல்லை எண்டு பகிரங்கமாய் எழுதினவர். வழியால போறவைக்கு உதவும், தன்ர கணினிகளைத் தான் தனித்தனியாய்ப் பாதுகாத்து வைச்சிருக்கிறன் எண்டது அவற்ற நியாயம். அதில முக்கியம் ரெண்டாவது பாதி. அவர் தெரிஞ்சுகொண்டு திறந்தவர். தன்ர வீட்டுக்குள்ள என்ன இருக்கு எண்டு தெரிஞ்சவர்.

எங்கட ஒழுங்கைக் கதை ஒண்டு. 2020 மார்ச்சில பள்ளிக்கூடம் பூட்டி ஊரடங்கு போட்ட காலம். பிள்ளையளுக்குச் சூமில வகுப்பு, பாதி வீட்டில போன் ஒண்டு, டேட்டா ஒண்டுமில்லை. ஒரு ரீச்சர் தன்ர வீட்டுப் பாஸ்வேட்டைக் கடதாசியில எழுதி மதிலில ஒட்டிவிட்டா. விடியக் காலமையில பெடி பெட்டையள் மதகில வரிசையாய் இருந்து படிக்கும், பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் வளவுக்குள்ள குதிக்கும். மாசம் பாதியில ரீச்சரின்ர டேட்டா முடிஞ்சுது. பிறகு நடந்ததுதான் விசயம். எதிர் வீட்டில ரீலோட் போட்டினம், கடைசி வீட்டுக்காரர் தன்ர பங்கைக் கொண்டந்து குடுத்தார், முருங்கைக்காயும் முட்டையும் கூட வந்தது. ஆற்ற இணைப்பு எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சபடியால் முடிஞ்சவுடன எல்லாரும் போட்டினம்.

நீர் மதிலுக்கு இஞ்சால ஒளிச்சிருந்து பாவிக்கேக்க அவவின்ர டேட்டா முடிஞ்சால் ரீலோட் போடுவீரோ? போட விருப்பமிருந்தாலும் ஏலாது. போட்டால் பிடிபடுவீர்.

11 ஜூன், இரவு 11 மணி தாண்டி

இண்டைக்கு ஒரு வீட்டுக்குக் கமெரா பழுது எண்டு போனன். இடம் சொல்லேல்லை. பிள்ளையள் வெளியில, தாய் தேப்பன் மட்டும், கேற்றடியில, விறாந்தையில, பின் வளவில கமெரா. இஞ்ச இப்ப எல்லா வெளிநாட்டுப் பிள்ளையளும் இதைத்தான் மாட்டி வைச்சிருக்கினம், ரொறன்ரோவில வேலைக்குப் போற பஸ்ஸில இருந்து அம்மா விளக்கு வைச்சாவோ எண்டு பாக்கினம். அந்த வீட்டிலயும் ரிப்பீற்றர் திறந்துதான் கிடந்தது. நான் ரோட்டில நிண்டு போனை இணைச்சன், கமெராப் பெட்டியின்ர பக்கத்தைத் திறந்தன், "அட்மின்" எண்டு பேரையும் பாஸ்வேட்டையும் அடிச்சன். விறாந்தையில ஐயா சாய்மனைக் கதிரையில பேப்பர் வாசிக்கிறார், எனக்குக் கேற்றுக்கு வெளியில நிண்டே தெரியுது. உள்ளுக்குப் போய் அதைப் போனில காட்டினாப் பிறகு ஐயா கொஞ்ச நேரம் கதைக்கேல்லை.

2016இல மிராய் எண்ட வைரஸ் இப்பிடியான கமெராப் பெட்டியளையும் றவுட்டர்களையும்தான் லட்சக்கணக்கில பிடிச்சு அமெரிக்காவின்ர பெரிய பெரிய தளங்களையே விழுத்தினது. அது செய்த வித்தை பெரிசில்லை. கம்பனி போட்ட பாஸ்வேட்டை ஆரும் மாத்திறேல்லை எண்டு அதுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

தம்பி, நீர் நோட்ஸ் இறக்கத்தான் அந்த வைஃபைக்குள்ள போறீர். ஆனால் போய் நிக்கிற இடம் அவவின்ர வீட்டுக்குள்ள. நீர் பாக்கமாட்டீர் எண்டு நம்பிறன். நீர் சொல்லாமல் விட்டால் பாக்கிறவனும் வருவான்.

உமக்கும் ஆபத்து இல்லாமலில்லை. பூட்டில்லாத வைஃபையின்ர பேரில இன்னொருத்தன் தன்ர ஹொட்ஸ்பொட்டைப் போட்டால் உம்மட போன் வித்தியாசம் தெரியாமல் அதில போய்த் தானா ஏறும். இப்ப தளங்கள் அநேகம் பூட்டின பாதையாலதான் வருகுது, அதால என்ன எழுதிறீர் எண்டு வாசிக்கேலாது. எந்தெந்தத் தளத்துக்குப் போறீர் எண்டு வாசிக்கலாம். அது போதும் சில ஆக்களுக்கு.

15 ஜூன், காலமை

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். போய்ச் சொன்னவராம். நீட்டி எழுதியிருக்கிறார், நான் சுருக்கிறன்.

அம்மா சொன்னது: "எனக்கு உது ஒண்டும் விளங்காது ராசா, மகனோட கதை." ராத்திரி ஒன்பதரைக்கு, அங்க மத்தியானம், மகன் வீடியோக் கோலில வந்தார். முதல் கேள்வி: "எப்ப தொடக்கம் பாவிக்கிறீர்?" தம்பி ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மகன் நல்லாய்ப் பேசியிருக்கிறார். மூண்டு மாசமாய் மாசக் கடைசியில அம்மாவின்ர முகம் தெரியாமல் போறதுக்குக் கம்பனிக்கு மாறி மாறிப் போன் எடுத்துச் சண்டை பிடிச்சவராம். மூண்டு மாசத்தில ஒரு மாசம்தான் தம்பியின்ர. மிச்சம் ரெண்டும் வேறை ஆரோ. இதைக் கேட்டாப் பிறகு மகன் பேசிறதை விட்டிட்டுப் பயந்திட்டாராம்.

முடிவு: ரிப்பீற்றருக்குப் பாஸ்வேட். தம்பிக்குக் கெஸ்ற் வைஃபை, அதாவது வெளியாக்களுக்கெண்டு பிரிச்சுவிடுற வைஃபை, தனிய, அதால அந்த வீட்டுக் கமெராப் பக்கம் போகேலாது. மாசம் ரீலோட்டில ஒரு பங்கு தம்பி குடுக்கிறது. அம்மாவின்ர போன் மக்கர் பண்ணினால் போய்ப் பாக்கிறது.

பேச்சு வாங்கினதுக்குத் தம்பி கொஞ்சம் மனம் நொந்து எழுதியிருக்கிறார். வாங்கத்தான் வேணும், ஒண்டும் குறைஞ்சு போகாது.

அடுத்த பந்தியில எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. களவு எண்டு சொன்ன அறைக்காரன் இப்ப கெஸ்ற் பாஸ்வேட்டைத் தனக்கும் சொல்லச் சொல்லிக் கேக்கிறானாம். சொல்லாதையும். அவனுக்கும் கால் இருக்கு, போய்க் கேக்கட்டும்.

15 ஜூன், இரவு

விட்டுப்போன ஒண்டு. அடுத்த நாள் அம்மா தம்பியைக் கூப்பிட்டு, "மகன் சொன்னது கிடக்கட்டும், இந்தா பெட்டிக்குக் கீழ கிடந்த நம்பர், இதையே பாவி, அந்த மற்றது சிலோவாம்" எண்டு மெயின் பாஸ்வேட்டையே எழுதிக் குடுத்திட்டாவாம். தம்பி கேக்கிறார்: வீட்டுக்காரியே தந்தால் பாவிக்கலாம்தானே?

இதில எனக்கு நேராய் ஒரு மறுமொழி வருகுதில்லை. காசு கட்டுறது மகன், இருக்கிறது தாய். வீடு அவவின்ர, வீட்டுக்கு ஆர் வரலாம் எண்டு சொல்ல அவவுக்கு உரிமை இருக்கு, எழுபது வயசு மனுசிக்கு எல்லாத்துக்கும் கனடாவில கையெழுத்து வேணும் எண்டு சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவ தந்தது என்ன எண்டு அவவுக்குத் தெரியாது. அவ வேகமான வைஃபை எண்டு நினைச்சுத் தந்தவ. கமெராப் பெட்டியையும் சேத்துத் தந்தது அவவுக்குத் தெரியாது.

நானெண்டால் அந்தத் துண்டை வாங்கி வைச்சுக்கொண்டு கெஸ்றிலயே இருப்பன், கமெராப் பாஸ்வேட்டை மகனைக் கொண்டு மாத்துவிப்பன். மாத்தினாப் பிறகு அவ திருப்பிக் கேட்டால் மெயினில ஏறுவன். மலையகத் தங்கச்சி இதுக்கு வேறை சொல்லுவா போல கிடக்கு. எழுதட்டும்.

16 ஜூன்

கனபேர் தங்கட வீட்டை எப்பிடிப் பாக்கிறது எண்டு கேட்டிருக்கிறியள். போனில வைஃபைப் பட்டியலைத் திறந்துகொண்டு கேற்றடிக்குப் போங்கோ. பூட்டுக்குறி இல்லாத பேர் ஒண்டு பலமாய் வந்தால், வீட்டை நோக்கி நடவுங்கோ. இன்னும் பலமாய் வந்தால் அது உங்கட. பேருக்குப் பின்னால "எக்ஸ்ற்" எண்டோ "ரிப்பீற்றர்" எண்டோ இருந்தால் முதல் அதைப் பாருங்கோ. பிளக்கால கழட்டிப் பாத்தால் பட்டியலில பேர் மறையும், சந்தேகம் தீந்துது. பேந்து அதின்ர பக்கத்துக்குள்ள போய் டபிள்யூ.பி.ஏ.2 பாஸ்வேட் போடுங்கோ. நுழையிற முகவரி பெட்டியில ஒட்டிக் கிடக்கும்.

கழட்டிக்கொண்டு கடைக்கு வராதேங்கோ. மாட்டின இடத்திலதான் செற் பண்ண வேணும்.